முக்கோணத் தோட்டச் சண்டை

அந்தத் தோட்டச் சங்கத்துக்கு 'அமைதி' என்று பெயர் வைத்தவர் அங்கே ஒரு நாள்கூடத் தங்கியிருக்க மாட்டார்.

ஓடென்சே நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி, வரிசையாக நாற்பத்திரண்டு தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புல்வெளி, ஒரு மரக்குடில், ஒரு கொடிமரம். குளிர்காலம் முழுக்க அடுக்குமாடி வீடுகளில் அடைந்து கிடந்தவர்கள், வெயில் எட்டிப் பார்த்ததும் மூட்டை முடிச்சோடு இங்கே வந்துவிடுவார்கள். முதல் நாள் ஜன்னலைத் திறப்பார்கள். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு நடுவார்கள். மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டக்காரரோடு சண்டை பிடிப்பார்கள்.

நாற்பது தோட்டங்கள் கட்டம் கட்டமாக இருந்தன. கடைசி இரண்டு மட்டும் முக்கோணம். பாதை வளைகிற இடத்தில் சாய்வாக ஒரு துண்டு நிலம் மிஞ்சியிருந்தது. அதன் குறுக்கே, மூலைக்கு மூலை, ஓர் உயிர்வேலியை நட்டு, "இந்தப் பக்கம் நாற்பத்தொன்று, அந்தப் பக்கம் நாற்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டார்கள்.

நாற்பத்தொன்றில் பத்து வயது அஸ்தாவும் அவள் அப்பா டோர்பனும் இருந்தார்கள். டோர்பன் நல்ல உயரம். கதவு நிலை ஒவ்வொன்றும் அவர் நெற்றியைத் தெரிந்து வைத்திருந்தது. நாற்பத்திரண்டில் குத்ருனும் அவர் மகன் வில்லாட்ஸும் இருந்தார்கள். குத்ருன் குள்ளம். குரல் மட்டும் ரயிலுக்குக் கேட்கும்.

அஸ்தாவும் வில்லாட்ஸும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. வேலியை ஒட்டி அஸ்தாவின் பக்கத்தில் ஒரு பழைய பிளம் மரம் இருந்தது. அதன் பாதிக் கிளைகள் வில்லாட்ஸ் பக்கம் நீண்டிருந்தன. மரத்தின் மேல் ஒரு மரவீடு. மூன்று வருடத்துக்கு முன்னால் டோர்பனும் குத்ருனும் சேர்ந்து ஆணி அடித்துக் கட்டியது. ஏறுவதற்கு அந்தப் பக்கம் ஓர் ஏணி, இந்தப் பக்கம் ஓர் ஏணி. அஸ்தாவுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

அஸ்தா நல்ல பெண். ஆனால் அவள் மனதில் தோன்றுவது எதுவும் வாய்க்குள் ஒரு நொடிகூட நிற்காது. நேரே வெளியே குதித்துவிடும். வில்லாட்ஸ் அவளுக்கு 'முந்திரிக்கொட்டை' என்று பெயர் வைத்திருந்தான்.

சண்டை மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. குத்ருன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அதாவது, ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி எட்டிப் பார்த்தார்.

"டோர்பன், புல் வெட்ட உனக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

"அரை மணி நேரம்."

"வில்லாட்ஸ் இருபது நிமிஷத்துல முடிச்சுடுறானே! அப்படின்னா உன் தோட்டம்தான் பெருசு. என்னுது சின்னது. பதினோரு வருஷமா நான் ஏமாந்திருக்கேன்!"

டோர்பன் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

"என்னுதா பெருசு? உன்னுதுதான் பெருசு. வா, நடந்து பார்த்துடலாம்."

இருவரும் அவரவர் தோட்டத்தைச் சுற்றி நடந்தார்கள். டோர்பனுக்கு எண்பத்து நாலு காலடி வந்தது. குத்ருனுக்கு நூற்றுப் பதினேழு.

"பாத்தியா?" என்றார் டோர்பன். "உன்னுதுதான் பெருசு."

"என் கால் சின்னது!"

"காலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. கணக்கைச் சொல்றேன்."

அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பதினோரு வருடம் 'நீ' என்று பேசியவர்கள் 'நீங்க' என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

டோர்பன் அளக்கும் டேப் எடுத்து வந்தார். "அது உங்க டேப். அதை நான் நம்ப மாட்டேன்" என்றார் குத்ருன். குத்ருன் தையல் பெட்டியிலிருந்து துணி டேப் எடுத்து வந்தார். "அது ரப்பர் மாதிரி இழுபடும்" என்றார் டோர்பன். கடைசியில் சங்கத் தலைவர் ப்ரேபனைக் கூப்பிட்டார்கள்.

ப்ரேபன் முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு சோதிக்க டிக்கெட் இல்லாமல் கை துறுதுறுத்தது. அதனால் சங்கத்தின் விதிப்புத்தகத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். அவர் சங்கத்து டேப்பை வேலியோரம் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒரு சந்தேகம். தோட்டத்தைச் சுத்தி மூணு பக்கமும் செடிவேலி. இதை இலையிலேர்ந்து அளக்கணுமா, தண்டிலேர்ந்து அளக்கணுமா?"

"இலையிலேர்ந்துதான்!" என்றார் குத்ருன். அவர் பக்கம் இலை அடர்த்தி.

"தண்டிலேர்ந்துதான்!" என்றார் டோர்பன்.

ப்ரேபன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம், எந்தத் தேதிக்குள் வெட்ட வேண்டும், வெட்டும்போது எத்தனை மணிக்குச் சத்தம் போடலாம் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தது. இலையா தண்டா என்று மட்டும் இல்லை.

இலைக்கட்சியும் தண்டுக்கட்சியும் மூன்று வாரம் சண்டை போட்டன. முப்பத்தைந்தாம் எண் தோட்டக்காரர் இலைக்கட்சியில் சேர்ந்தார். பன்னிரண்டாம் எண் தண்டுக்கட்சி. ஒரு கிழவர் மட்டும் "வேர்" என்றார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஜூன் மாத நடுவில் ப்ரேபன் பொறுமை இழந்தார்.

"பத்தொன்பதாம் விதி" என்று படித்தார். "எல்லைத் தகராறு தீரலைன்னா, வேலியைத் தோண்டி எடுத்துட்டு, அந்த இடத்துல ரெண்டு மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல் பாதை போடணும். குறுக்கே வர்ற மரத்தை வெட்டணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தா சரி. இல்லைன்னா ரம்பத்தோட வருவேன். மரம் நடுக்கோடைச் சொக்கப்பனைக்கு ஆச்சு."

பிளம் மரத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் நாடாவைக் கட்டிவிட்டுப் போனார். நாடா கட்டியதும் மரம் காய்ச்சல்காரர் மாதிரி தெரிந்தது. அஸ்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்பா, நம்ம தோட்டம்தான் பெருசுன்னு சொல்லிடுங்களேன். என்ன போயிடும்?"

"பெருசா இருந்தா சொல்லிடுவேனே!" என்றார் டோர்பன்.

வேலிக்கு அந்தப் பக்கம் வில்லாட்ஸ் அதே கேள்வியைக் கேட்டான். அதே பதில் வந்தது, இன்னும் சத்தமாக.

வெள்ளிக்கிழமை பள்ளியில் வில்லாட்ஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. கணக்கு வகுப்பில் கரும்பலகையில் வரைய ஒரு பெரிய மரக் கோணமானி தொங்கியது. ஆசிரியையிடம் கேட்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"நீளத்தை அளந்தாத்தானே இலை, தண்டுன்னு சண்டை? மூலையை அளக்கலாம். இலையோரமா வெச்சாலும் தண்டோரமா வெச்சாலும் மூலை ஒரே அளவுதான் விரிஞ்சிருக்கும்" என்றான்.

சனிக்கிழமை காலை ப்ரேபன் கோணமானியோடு ஆறு மூலைகளிலும் முட்டிபோட்டு அளந்தார். டோர்பன் தோட்டத்தில் பெரிய மூலை நூறு டிகிரி, நடு மூலை ஐம்பது, சின்ன மூலை முப்பது. குத்ருன் தோட்டத்திலும் நூறு, ஐம்பது, முப்பது. முட்செடிக்குள் தலையை விட்டு அளந்ததில் ப்ரேபனின் தொப்பி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

"மூணு மூலையும் சமம்!" என்று அறிவித்தார் ப்ரேபன். "ஆக ரெண்டு தோட்டமும் சமம். தகராறு தீர்ந்தது."

எல்லோருக்கும் பெரிய நிம்மதி. குத்ருன் உள்ளே போய் ஸ்ட்ராபெரி கேக் எடுத்து வந்தார். டோர்பன் காப்பி போட்டார். வேலியோரம் மேஜையைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ப்ரேபன் நாடாவை அவிழ்க்கப் பாக்கெட்டில் கத்தரியைத் தேடினார். கேக்கின் நடுவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டிக் காகிதக் கொடி குத்தியிருந்தது. நீண்ட முக்கோணக் கொடி. அதே மாதிரி முக்கோணக் கொடி தோட்டத்துக் கொடிமரத்தின் உச்சியிலும் படபடத்தது, மூன்று மீட்டர் நீளத்தில்.

அஸ்தா குட்டிக் கொடியைப் பார்த்தாள். பெரிய கொடியைப் பார்த்தாள்.

"ஆனா அந்தக் கொடிக்கும் இந்தக் கொடிக்கும்கூட மூணு மூலையும் சமம்தானே?" என்றாள். "அதுக்காக ரெண்டும் ஒரே சைஸ் இல்லையே!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். காலம் கடந்துவிட்டது.

குத்ருன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அட, ஆமா."

டோர்பனும் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆமால்ல."

"என் தோட்டம் கேக் கொடி. உங்களுது கொடிமரத்துக் கொடி. அதைத்தான் நான் பதினோரு வருஷமா சொல்றேன்!" என்றார் குத்ருன்.

"அஞ்சு வாரமாத்தான் சொல்றீங்க. அதுவும் தலைகீழாச் சொல்றீங்க!"

ப்ரேபன் கத்தரியை மறுபடி பாக்கெட்டில் போட்டார். தட்டில் மிச்சமிருந்த கேக்கை ஒரே வாயில் போட்டுக்கொண்டார். "நாளைக்குப் பன்னிரண்டு மணி" என்று வாய் நிறைய கேக்கோடு சொல்லிவிட்டு, தொப்பி இல்லாமலே நடந்தார்.

சாயங்காலம் அஸ்தா இந்தப் பக்க ஏணி வழியாக மரவீட்டுக்கு ஏறினாள். வில்லாட்ஸ் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு.

"என்னோட பேசாத" என்றான்.

"சாரிடா."

"சாரியாம் சாரி! அந்தக் கோணமானியை நாலு கிலோமீட்டர் சுமந்துட்டு வந்தேன். பஸ்ல ஒருத்தர் மேல இடிச்சு, அவர் திட்டி, டிரைவர் இறக்கிவிட்டு... ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் உன்னால சும்மா இருக்க முடியலையா? உன் பொறந்த நாளுக்கு வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரேன்."

"நான் சொன்னது நெஜம்தானே?"

"நெஜம்தான். அதான் இன்னும் கோவமா வருது!"

அஸ்தா பொய் சொல்லவில்லை. ஆனால் அவளால்தான் மரம் போகப் போகிறது. பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தாள். பச்சை வேலி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நேராக ஓடியது. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் குத்ருன். இருவரும் தனித்தனியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வில்லாட்ஸின் கோபம் இறங்கி, வருத்தம் மட்டும் மிச்சம் நின்றது.

"போன வருஷம் இந்த வேலியை நாமதானே கத்தரிச்சோம்" என்றான். "நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். யாரு முதல்ல முடிக்கிறதுன்னு பந்தயம். ரெண்டு பேரும் கடைசில ஒண்ணாத்தான் போய் நின்னோம்."

"நீ ஒரு நொடி பிந்தி."

"இல்ல, ஒண்ணாத்தான்."

அஸ்தா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியே இருந்தாள். மறுபடி கீழே பார்த்தாள்.

"வில்லாட்ஸ்... இந்த வேலி எங்களுதா, உங்களுதா?"

"ரெண்டு பேருக்கும்தான். இது என்ன கேள்வி?"

"எங்க முக்கோணத்துக்கு ஒரு பக்கம் இந்த வேலி. உங்க முக்கோணத்துக்கும் ஒரு பக்கம் இந்த வேலி." அவள் துள்ளி எழுந்தாள். "அப்பாஆஆ!"

வில்லாட்ஸ் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். "கத்தாத! இந்த வாட்டி முதல்ல யோசி. எல்லாத்தையும் சரிபாரு. அப்புறம் பேசு."

அஸ்தா அவன் உள்ளங்கைக்குள் தலையை ஆட்டினாள்.

கேக் வந்த அட்டைப்பெட்டியைத் தட்டையாக விரித்தார்கள். கோணமானி பெரிதாக இருந்ததால் மரவீட்டுக்குள் நுழையவில்லை. வாசலில் வைத்து, ஒருவர் பிடிக்க, ஒருவர் வரைய, நூறும் ஐம்பதும் முப்பதுமாக முக்கோணங்கள் வெட்டினார்கள். சின்னது, பெரியது, நடுத்தரம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார்கள். திருப்பி வைத்தார்கள். கவிழ்த்து வைத்தார்கள். வில்லாட்ஸ் அவனுடைய அம்மா மாதிரியே குறுக்குக் கேள்வி கேட்டான். அஸ்தா பதில் சொன்னாள். ஒரு கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. இருவரும் தலையைச் சொறிந்து, இன்னொரு முக்கோணம் வெட்டி, அதையும் கண்டுபிடித்தார்கள். நல்ல வேளை, ஜூன் மாத வெளிச்சம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

மறுநாள் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ப்ரேபன் மோட்டார் ரம்பத்தோடு வந்து நின்றார். கண்ணாடி, கையுறை, காதுமூடி எல்லாம் போட்டிருந்தார். பின்னால் இலைக்கட்சி, தண்டுக்கட்சி இரண்டும் வேடிக்கை பார்க்க வந்திருந்தன. டோர்பனும் குத்ருனும் ஆளுக்கொரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இருவர் முகமும் நன்றாக இல்லை. மரத்தின் மேல் இருவருக்குமே ஆசைதான். ஆனால் யார் முதலில் இறங்கி வருவது?

ப்ரேபன் ரம்பத்தின் கயிற்றைப் பிடித்தார்.

"நிறுத்துங்க!" என்று அஸ்தா மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். "நேத்து நான் சொன்னது பாதிதான். மீதிப் பாதி இப்பத்தான் கிடைச்சுது."

காதுமூடி போட்டிருந்ததால் ப்ரேபனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வில்லாட்ஸ் எம்பி அதைத் தூக்கிவிட்டான். அஸ்தா மறுபடி சொன்னாள்.

"பாதிப் பாதியாச் சொல்ல இது என்ன தொடர்கதையா?" என்றார் ப்ரேபன். "அஞ்சு நிமிஷம் இருக்கு. சொல்லு."

அஸ்தா இரண்டு அட்டை முக்கோணங்களை நீட்டினாள். ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

"ரெண்டுக்கும் மூலை ஒரே அளவு. ஆனா பக்கத்தைப் பாருங்க. சின்னதோட பெரிய மூலைக்கு எதிர்ல இருக்கிற பக்கம் இது. பெருசோட பெரிய மூலைக்கு எதிர்ல இருக்கிற பக்கம் இது. ரெண்டும் வேற வேற நீளம். மத்த பக்கமும் அப்படித்தான்."

"கொடி மாதிரி" என்றார் குத்ருன், பெருமையாக.

"ஆமா. சின்னதைப் பெருசாக்கணும்னா மூணு பக்கமும் சேர்ந்துதான் வளரணும். ஒரு பக்கம் மட்டும் 'நான் வளர மாட்டேன்'னு அடம் பிடிச்சா, மத்த ரெண்டும் வளர முடியாது. மீறி வளர்ந்தா மூலை மாறிடும்."

டோர்பன் அட்டையை வாங்கி, ஒரு பக்கத்தை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பென்சிலால் நீட்டிப் பார்த்தார். மூலை கோணலாகிப் போனது. இன்னொரு மாதிரி நீட்டினார். அதுவும் கோணல்.

"சரிதான்" என்று முனகினார்.

"இப்ப தோட்டத்துக்கு வாங்க. குத்ருன், உங்க தோட்டத்துல அந்த நூறு டிகிரி மூலைக்கு எதிர்ல என்ன இருக்கு?"

"வேலி."

"அப்பா, நம்ம தோட்டத்துல?"

"வேலி."

"எந்த வேலி?"

"இதோ, இந்த வேலிதான்!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

ஐந்து வாரத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அவர்களுக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஆனால் குத்ருன் அவ்வளவு லேசில் விடுகிறவர் இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும். அந்த வேலியோட நீளத்தை எப்படி அளந்த? இலையிலேர்ந்தா, தண்டிலேர்ந்தா?"

பின்னால் நின்ற இரண்டு கட்சிகளும் கழுத்தை நீட்டின. இந்தக் கேள்வி வரும் என்று நேற்றே வில்லாட்ஸ் சொல்லியிருந்தான்.

"அளக்கவே இல்ல" என்றாள் அஸ்தா. "எதுக்கு அளக்கணும்? இலையிலேர்ந்து அளந்தா ரெண்டு பேருக்கும் இலை. தண்டிலேர்ந்து அளந்தா ரெண்டு பேருக்கும் தண்டு. ஒரே வேலி எங்க பக்கம் முப்பது மீட்டராவும் உங்க பக்கம் இருபத்தஞ்சு மீட்டராவும் இருக்க முடியுமா?"

நீட்டிய கழுத்துகளை இரண்டு கட்சிகளும் உள்ளே இழுத்துக்கொண்டன.

"மூணு மூலையும் சமம். அந்தப் பெரிய மூலைக்கு எதிர்ல ரெண்டு பேருக்கும் இதே வேலி. அதனால ரெண்டு தோட்டமும் அச்சு அசலா ஒண்ணு. ஒண்ணைத் திருப்பிப் போட்டா இன்னொண்ணு."

இப்படி இருக்கும் முக்கோணங்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் 'சர்வசமம்' என்று ஒரு கம்பீரமான பெயர் உண்டு. அஸ்தாவுக்கு அது தெரியாது. அவள் வகுப்பில் அந்தப் பாடம் வர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

ப்ரேபன் கையுறையைக் கழற்றி விதிப்புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"இதுக்கு எதிரா விதி ஒண்ணும் இல்ல" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.

"ஆனா அந்தப் பத்து நிமிஷம்?" என்றார் குத்ருன். "ரெண்டும் ஒண்ணுன்னா என் தோட்டத்துப் புல்லு மட்டும் எப்படி இருபது நிமிஷத்துல முடியுது? அதுக்குப் பதில் சொல்லுங்க. அது வரைக்கும் நான் ஒத்துக்க மாட்டேன்!"

இந்தக் கேள்வியை மட்டும் வில்லாட்ஸ் நேற்று கேட்கவில்லை. ப்ரேபன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம்.

அஸ்தா வில்லாட்ஸைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காது இரண்டும் தக்காளி நிறத்துக்கு வந்திருந்தன.

"அம்மா" என்றான் மெதுவாக. "கண்ணாடிக் குடிலுக்குப் பின்னால நான் வெட்டுறதே இல்ல."

"எவ்வளவு நாளா?"

"புல்வெட்டி அங்க போகாதுன்னு... போன வருஷத்துலேர்ந்து."

குத்ருன் நேரே, செடி வளர்க்கும் அந்தக் கண்ணாடிக் குடிலுக்குப் பின்னால் போனார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். அங்கே புல் குத்ருனின் தோள் உயரத்துக்கு நின்றது. உள்ளே ஒரு சாய்வு நாற்காலி பூத்த கொடிகளோடு படுத்திருந்தது. ஒரு முள்ளெலி தலையைத் தூக்கி, "யார் நீங்கள் எல்லாம்?" என்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்டது.

முதலில் சிரித்தது டோர்பன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குத்ருன் அவரை முறைத்தார். முறைத்தவருக்கு உதடு துடித்தது. அப்புறம் ரயிலுக்குக் கேட்கிற குரலில் அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

"ரொம்பச் சிரிக்காத, டோர்பன்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அரை மணி நேரத்துல நீ பாதியில புல்வெட்டியை நிறுத்திட்டு காப்பி குடிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

'நீ' திரும்பி வந்துவிட்டதை அஸ்தா கவனித்தாள். அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஓடிப்போய் வில்லாட்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னதால் இப்போது அவனுக்கு ஒரு மாதத்துக்குப் புல் வெட்டும் தண்டனை காத்திருந்தது. அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

ப்ரேபன் மஞ்சள் நாடாவை அவிழ்த்து, சுருட்டி, பாக்கெட்டில் வைத்தார். "ரம்பத்தைத் தூக்கிட்டு வந்தது வீண்" என்று புலம்பினார். குத்ருன் அவருக்கு ஒரு பெரிய துண்டு கேக் கொடுத்ததும் புலம்பல் நின்றது. இலைக்கட்சிக்கும் தண்டுக்கட்சிக்கும் ஆளுக்கொரு காப்பி. வேர் என்று சொன்ன கிழவருக்கு இரண்டு.

அஸ்தாவும் வில்லாட்ஸும் தட்டு நிறைய ஸ்ட்ராபெரி எடுத்துக்கொண்டு மரவீட்டுக்கு ஏறினார்கள். ஆளுக்கொரு ஏணி. பலகையில் மல்லாந்து படுத்தார்கள். மேலே பச்சைப் பிளம் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. இந்த வருடம் பழுக்கும். அடுத்த வருடமும் பழுக்கும். கீழே அப்பாவும் குத்ருனும் பழையபடி பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அதைவிட இனிமையான சத்தம் வேறு எதுவும் இல்லை என்று அஸ்தாவுக்குத் தோன்றியது.

பிறகு குத்ருனின் குரல் மட்டும் வந்தது.

"டோர்பன், ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். உன் கொடிமரம் என்னுதவிட உயரமா இருக்கோ?"

"என்னுதா? உன்னுதுதான் உயரம்."

அஸ்தா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "அது ரொம்ப சுலபம்! நிழலை அளந்து—"

வில்லாட்ஸ் தட்டிலேயே பெரிய ஸ்ட்ராபெரியாகப் பார்த்து எடுத்து அவள் வாயில் திணித்தான்.

அதற்கப்புறம் மரவீட்டிலிருந்து மெல்லுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.